கூகுலினை அழகனாக்காதீர்கள்

அயர்லாந்துப் புராண வீரன் கூகுலினைக் கணினியில் வரைபவர்களில் பலர், கட்டுமஸ்தான அழகனாகவே அவனைக் காட்டுகிறார்கள். ‘டாய்ன்’ காவியம் சொல்வது வேறு: கண்ணுக்கு 7 கருமணிகள், கைக்கு 7 விரல்கள், போர்வெறி ஏறினால் ஒரு கண் தலைக்குள் அமிழும், மற்றது கன்னத்தில் பிதுங்கும், பாதங்கள் பின்னோக்கித் திரும்பும். அதே காவியத்தில் வரும் போர்த்தெய்வம் மோரிகனுக்கும் இதே கதிதான். காக்கைச் சிறகு ஒட்டிய பேரழகியாக அவளை வரைந்து தள்ளுகிறார்கள். ஆற்றுத்துறையில் விலாங்காகி அவன் காலைச் சுற்றுபவளை, ஓநாயாகவும் கொம்பில்லாத செங்கிடாரியாகவும் வருபவளை எத்தனை படங்களில் பார்க்கிறோம்?

புராணம் காலந்தோறும் மாறுவதுதானே என்பார்கள். உண்மைதான், அதை ஏட்டில் எழுதிய கிறித்தவத் துறவிகளே தங்கள் போக்கில் மாற்றியிருப்பார்கள். ஆனால் அவர்கள் கதை தெரிந்து மாற்றினார்கள். இன்றோ ஒரு படத்தைப் பார்த்து இன்னொரு படம் பிறக்கிறது. பழியைக் கணினி மேல் போடவும் முடியாது. அயர்லாந்தின் கில்கென்னி நகரிலுள்ள கார்ட்டூன் சலூன் அனிமேஷன் நிறுவனம் 2014இல் தந்த ‘சாங் ஆஃப் தி சீ’ படத்தில், சீல் உருவெடுக்கும் சிறுமியைச் சுற்றிப் பழங்காலக் கற்செதுக்கலின் சுழிகள் ஓடுகின்றன. வேர் தெரிந்தவர்களின் வேலை அது. டாய்னுக்குத் தாமஸ் கின்செல்லா செய்த 1969ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது, லூயி லெ ப்ராக்கியின் தூரிகைச் சித்திரங்களோடு. ஓவியர்களே, முதலில் அதைப் படியுங்கள்.