அடுப்பும் பொறுப்பும்

செட்டிநாட்டுப் பெருமனைகள் புகையின் இயல்பறிந்து கட்டப்பெற்றவை. காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை முதலிய ஊர்களில் இன்றும் நின்று விளங்கும் அவ்வில்லங்களுட் பெரும்பாலன பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்தவை. முகப்பு, பட்டாலை, வளவு எனக் கட்டுக் கட்டாக நீளும் மனையின் பின்கட்டில் அடுப்படியை அமைத்து, அதன் அருகே வானம் நோக்கிய முற்றத்தையும் வைத்தனர் அக்காலக் கட்டடக் கலைஞர். விறகடுப்பின் புகை எழுந்து முற்றத்தின் வழியே வெளியேறும். அடுப்படியில் ஆச்சிமார் நாள் முழுதும் நின்றாலும் மூச்சுத் திணறுவதில்லை.

இன்று அவ்வடுப்படிகளில் விறகு எரிவது அரிது. 1965-ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் இண்டேன் என்னும் பெயரோடு வழங்கத் தொடங்கிய எரிவாயு, 2016-இல் தோன்றிய உஜ்வலா திட்டத்தின் பின்னர்ச் சிற்றூர்க் குடில்களையும் எட்டிவிட்டது. அடுப்பு மாறிய அளவிற்கு வீடு மாறவில்லை.

உருளையில் அடைத்து வருவது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவையாகும். அழுத்தத்தால் நீர்ம வடிவில் அடங்கியிருக்கும் அது, வெளிப்படுங்கால் ஒரு லிட்டர் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றினும் ஒன்றரை முதல் இரு மடங்கு கனமுடையது ஆதலின், புகையைப் போல மேலே செல்லாது தரையைத் தழுவி ஊர்ந்து, பள்ளம் கண்டவிடத்தே தங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே போதும். விளக்கின் பொத்தானை அழுத்தும்போது தோன்றும் சிறு பொறியும் அதனைப் பற்றவைத்துவிடும். புகைக்கென உயரத்தே வைத்த சாளரம் இதற்குப் பயன்படாது. தரையை ஒட்டி ஒரு காற்றுவழி வேண்டும். பழைய மனைகள் பலவற்றின் அடுப்படிகளில் அஃது இல்லை.

இவ்வாயுவுக்கு இயல்பாக நாற்றமும் இல்லை. கசிவை மூக்கால் அறியும் பொருட்டு மெர்காப்டன் என்னும் பொருளைச் சிறிதளவு அதனோடு கலக்கின்றனர். இவ்வழக்கம் சட்டமானதற்குப் பின்னே ஒரு பெருந்துயர் உண்டு. அமெரிக்க நாட்டின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊர்ப் பள்ளியார், செலவைச் சுருக்க எண்ணி, எண்ணெய்க் கிணறுகளிலிருந்து கழிந்து வரும் நாற்றமற்ற வாயுவைத் தம் பள்ளிக்கு இழுத்துக்கொண்டனர். அது கசிந்து கட்டடத்தின் தளத்தடியே நிறைந்து கிடந்ததை எவரும் அறிந்திலர். 1937 மார்ச் 18-ஆம் நாள் பிற்பகலில் ஒரு மின்கருவியின் பொறி பட்டுப் பள்ளி முழுதும் தகர்ந்தது. ஏறத்தாழ 300 உயிர்கள் மாண்டன. அவருட் பெரும்பாலோர் மாணவர். அவ்வாண்டிலேயே, எரிவாயுவில் நாற்றம் சேர்த்தல் வேண்டும் என்று ஒரு சட்டமும், பொறியாளர் பதிவு பெற்றே தொழில் செய்தல் வேண்டும் என்று மற்றொரு சட்டமும் அம்மாநிலத்தில் இயற்றப்பெற்றன. பொருளைத் திருத்தியதோடு நில்லாமல், அதனைக் கையாளும் ஆளையும் வரையறுத்தது பாராட்டத் தக்கது.

இந்நாட்டு விதிகளோ பொருளைப் பற்றியே மிகுதியும் பேசுகின்றன. உருளையை மறுசோதனை செய்ய வேண்டிய காலம் அதன் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தில் எழுதப்பட்டிருக்கும். ஏ, பி, சி, டி என்னும் எழுத்துக்கள் ஆண்டின் நான்கு காற்பகுதிகளைக் குறிப்பன. சி-27 என்றிருப்பின், அவ்வுருளை 2027 செப்டம்பர்த் திங்கள் வரை செல்லும் என்று கொள்க. ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும். முகவரின் பணியாளர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வீடு வந்து பார்வையிடுதலும் வேண்டும். இவையெல்லாம் நல்லனவே. ஆயினும் ஐந்தாண்டு என்பது நெடிய காலம். எலி குழாயைக் கடிப்பதற்கு ஓர் இரவு போதும்.

மனைக்குரியாரின் கடமை யாது என்னும் வினாவுக்குத்தான் தெளிவான விடை இல்லை. தமிழ்நாட்டில் வீட்டுச் சொந்தக்காரர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் சட்டம் 2017-இல் இயற்றப்பெற்று, 2019 முதல் நடைமுறையில் உள்ளது. குழாய் மாற்றுதலும் மின்கம்பி அமைத்தலும் சொந்தக்காரர் பொறுப்பு என்றும், அடுக்களைப் பொருத்துகளின் பழுதைக் குடியிருப்போர் நோக்க வேண்டும் என்றும் அதன் அட்டவணை பகுக்கின்றது. எரிவாயுவைப் பற்றி அதில் தனியே ஒரு சொல்லும் இல்லை.

செட்டிநாட்டில் இக்குறை பன்மடங்கு பெரிதாகின்றது. ஒரு மனைக்குப் பங்காளிகள் பத்துப் பேரும் இருப்பர், இருபது பேரும் இருப்பர். ஒருவர் சென்னையிலும் ஒருவர் மலேசியாவிலும் வாழ, வீடு காவற்காரர் கையில் இருக்கும். சில மனைகள் விடுதிகளாகிவிட்டன. வாடகைக்கு விட்ட பகுதியில் தரையருகே காற்றுவழி திறக்க வேண்டுமெனின், எப்பங்காளியைக் கேட்பது? எல்லாரும் உரியவராயிருக்கும் சுவரில் எவரும் கை வைப்பதில்லை.

திருமணமும் மணிவிழாவும் வந்தாலோ, பூட்டிக் கிடந்த மனை ஒரே நாளிற் பெருஞ்சமையற் கூடமாகின்றது. கோட்டையடுப்பு வெட்டிய இடத்தில் இன்று 19 கிலோ உருளைகள் வரிசையாக நிற்கின்றன. உரிமம் இன்றி ஓரிடத்தில் வைத்திருக்கத் தக்க அளவு 100 கிலோ என்பது 2016-ஆம் ஆண்டின் வாயு உருளை விதி. ஐந்து உருளையாயின் 95 கிலோ. ஆறாவது வந்து சேரின் 114 கிலோவாகி எல்லை கடந்துவிடும். பந்தியில் இலை போடும் பரபரப்பில் இக்கணக்கைப் பார்ப்பவர் யார்?

விதி இருப்பது மட்டும் காப்பாகாது என்பதற்கு மதுரை நிகழ்ச்சி சான்று. இரயிலில் எரிவாயு உருளை கொண்டு செல்லல் நெடுங்காலமாகவே தடை செய்யப்பட்டது. இருந்தும், 2023 ஆகஸ்ட் 26-ஆம் நாள் விடியலில், மதுரை நிலையத்தில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியொன்றில், மறைத்துக் கொண்டுவந்த உருளையால் தீ மூண்டு, வடநாட்டிலிருந்து திருத்தல வழிபாட்டிற்கு வந்தோருள் ஒன்பதின்மர் உயிர் நீத்தனர்.

பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டின் விதிப்படி, வாடகைக்கு விட்ட வீட்டில் தமக்குரிய எரிவாயுக் கருவிகளையும் குழாய்களையும் சொந்தக்காரரே பன்னிரண்டு திங்களுக்கு ஒருமுறை, பதிவு பெற்ற பணியாளரைக் கொண்டு ஆய்ந்து, அதன் குறிப்பை 28 நாளுக்குள் குடியிருப்போரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். 2018-இல் அவ்விதியில் ஒரு திருத்தம் வந்தது. அதற்கு முன், நாள் நிரம்புமுன் ஆய்வு செய்தவர் எஞ்சிய நாட்களை இழந்தார். அதனாற் பலர் கடைசி நாள் வரை காத்திருந்தனர். திருத்தத்தின் பின், இரண்டு திங்கள் முன்னதாகச் செய்தாலும் பழைய கெடுநாளே நிலைத்து நிற்கும். முந்திச் செய்பவருக்கு நட்டம் வாராமற் காத்த இவ்வறிவு பின்பற்றத் தக்கது.

இத்தகைய விதி இங்கு வருமாயின் ஏழைச் சொந்தக்காரர் செலவால் வருந்துவர் என்றும், ஆய்வாளர் கையூட்டுக்கு வழி தேடுவர் என்றும் சிலர் கூறுவர். அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆயினும், எண்ணெய் நிறுவனங்கள் 2024-இல் வீடுதோறும் அடிப்படை ஆய்வைக் கட்டணமின்றி நடத்தத் தொடங்கின. அதனை ஆண்டுதோறும் தொடர்ந்து, குறிப்பைச் சொந்தக்காரருக்கும் குடியிருப்போர்க்கும் எழுத்தில் அளித்தால் செலவு சிறிதே. பங்காளிகள் பலராயின் தம்முள் ஒருவரைப் பொறுப்பாளராகப் பதிவு செய்துகொள்ளட்டும். கோயிற் கணக்கை ஆண்டுக்கொருவர் முறை வைத்துப் பார்க்க அறிந்தவர்க்கு இஃது அரிதன்று.

பணியாளரையும் மறத்தலாகாது. “கேஸ் அடுப்பு ரிப்பேர்” என்று கூவிக்கொண்டு மிதிவண்டியில் வருபவர் கைத்திறம் உடையவரே. அவரைத் தண்டித்து ஓட்டுதல் தகாது. ரெகுலேட்டரைப் பொருத்தவும், வாஷர் என்னும் ரப்பர் வளையத்தின் தேய்வை அறியவும், சோப்பு நுரை தடவிக் கசிவைக் காணவும் சில நாட் பயிற்சி தந்து, படம் பதித்த அட்டையொன்று வழங்கினால், அவர் பிழைப்பும் கெடாது. வீட்டாருக்கும் அவரைக் கேட்க ஓர் உரிமை பிறக்கும்.

இனித் தமிழ்நாட்டு நகரங்களிற் குழாய் வழியே இயற்கை எரிவாயு வந்துகொண்டிருக்கின்றது. அது மீத்தேன், காற்றினும் இலேசானது, கசிந்தால் கூரையை ஒட்டித் தேங்கும். உருளைக்காகத் தரையருகே காற்றுவழி திறந்தோர், அக்குழாய் வரும் நாளில் உச்சியிலும் ஒன்று திறத்தல் வேண்டும். அதற்குரிய கூலியைக் கொடுப்பவர் சொந்தக்காரரா, குடியிருப்பவரா, குழாய் பதிப்பவரா என்பதை, முதற் குழாய் மனைக்குள் நுழையுமுன்னரே விதியில் எழுதிவிடுதல் நன்று.