கிராபிக்ஸ் கார்டை மூன்றாவதாக வாங்குங்கள்

எஸ்.பி.எம். தேர்வு முடிந்த கையோடு எங்கள் சுங்கை பினாங் அடுக்குமாடி வீடுகளில் ஒரு கணக்குப் போடும் காலம் தொடங்கிவிடும். பகுதி நேர வேலைக்குப் போகும் பையன்கள் (இப்போது பெண்பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்) இரண்டு மூன்று மாதச் சம்பளத்தைச் சேர்த்து, குறைவதை அப்பாவிடம் கேட்டு வாங்கி, தங்கள் கையாலேயே ஒரு கேமிங் கணினியைப் பொருத்தப் பார்ப்பார்கள். கையில் 2,500 வெள்ளி இருக்கும், மிஞ்சினால் 3,000. என்ன வாங்கப் போகிறாய் என்று கேட்டால் முதலில் வருவது கிராபிக்ஸ் கார்டின் பெயர்தான். பாதிப் பணம் அதற்கே போய்விடும். மற்றதெல்லாம் மிச்சக் காசில் ஒப்பேற்றப்படும்.

இந்த வரிசை தவறு என்பது என் கருத்து. முதலில் மானிட்டரை முடிவு செய்யுங்கள். அடுத்து பவர் சப்ளை. கிராபிக்ஸ் கார்டு மூன்றாவதாக வரட்டும்.

மானிட்டர் ஏன் முதலில்? கார்டு செய்கிற வேலையின் அளவைத் தீர்மானிப்பதே அதுதான். 1920க்கு 1080 என்ற சாதாரணத் திரையில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் உள்ளன. 4கே திரையில் அதைப்போல் சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு பிரேமிலும் அத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணக்கிட வேண்டியது கார்டின் பொறுப்பு. இன்னொரு பக்கம், வீட்டில் இருக்கும் பழைய மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் வகை என்றால் அது ஒரு வினாடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும், அதாவது 16.7 மில்லிவினாடிக்கு ஒரு முறை. கார்டு 140 பிரேம்களைத் தயாரித்துக் கொடுத்தாலும், கை அசைவுக்கும் திரைக்கும் இடையிலான தாமதம் சற்றுக் குறையுமே தவிர, திரை 60க்கு மேல் மாறாது. மீதியைத் தயாரிக்க நீங்கள் கொடுத்த பணத்துக்குத் திரையில் வேலையே இல்லை. வெலோரண்ட், டோட்டா 2, மைன்கிராப்ட் ஆகியவைதான் உங்கள் ஆட்டம், திரையும் 60 ஹெர்ட்ஸ்தான் என்றால், கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்த ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசரே இப்போதைக்குப் போதும். கார்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். இதைச் சொன்னால் பையன்களின் முகம் வாடிவிடுகிறது. ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

பவர் சப்ளைக்கு வருவோம். இதில்தான் எனக்குக் கோபமே வருகிறது. கடையிலோ இணைய விற்பனையிலோ கேசிங்கோடு 'இலவசமாக' வரும், ஊர் பேர் தெரியாத பெட்டிகளில் '500 வாட்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறிய அட்டவணையைப் படியுங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட் இணைப்பிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. அந்தக் கட்டத்தில் 20 ஆம்பியர் என்று இருந்தால், வோல்ட்டை ஆம்பியரால் பெருக்குங்கள்: 240 வாட். மின்திறன் என்பது மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம் என்று இடைநிலைப்பள்ளியில் படித்தோமே, அதே சூத்திரம்தான். தேர்வுத்தாளில் சரியாகப் போடும் பிள்ளைகள் கடைக்குப் போனதும் அதை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது தேவையைக் கூட்டுவோம். ஆர்.எக்ஸ். 6600 கார்டுக்கு 132 வாட். 65 வாட் என்று எழுதியிருக்கும் ஏ.எம்.4 வகை ரைசன் பிராசசர், முழு வேகத்தில் உழைக்கும்போது 88 வாட் வரை எடுக்கலாம். அந்த 65 என்பது குளிரூட்டியைத் தேர்ந்தெடுக்கத் தரப்படும் எண். மதர்போர்டு, ரேம், விசிறிகள், எஸ்.எஸ்.டி. எல்லாவற்றுக்கும் ஒரு 50 வைத்துக்கொள்வோம். மொத்தம் 270. கார்டு கண நேரத்துக்குத் திடீரென்று கூடுதலாக இழுப்பதும் உண்டு. மேலே சொன்ன '500 வாட்' பெட்டியின் 240 இதற்கு எட்டாது. ஆட்டத்தின் நடுவில் கணினி அணைந்துவிட்டால் அதிர்ஷ்டம் என்பேன். அணையாமல், உள்ளே ஏதாவது கருகி, கூடவே மதர்போர்டையும் இழுத்துக்கொண்டு போனால் பகுதி நேரச் சம்பளம் முழுவதும் புகைதான். பெயர் தெரிந்த நிறுவனத்தின் நேர்மையான 500 அல்லது 550 வாட் போதும். 850 வாங்கச் சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

'80 பிளஸ்' முத்திரையைப் பார்த்து வாங்கினேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த முத்திரை திறனளவை மட்டுமே சொல்கிறது: சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எத்தனை விழுக்காடு கணினிக்குப் போய்ச் சேர்கிறது என்பது. 85 விழுக்காடு திறனுள்ள பவர் சப்ளை, பாகங்களுக்கு 300 வாட் கொடுக்க, சுவரிலிருந்து ஏறக்குறைய 353 வாட் எடுக்கும். இடையிலுள்ள 53 வாட் வெப்பமாகிறது. மின்னழுத்தம் எகிறினாலோ குறுக்குச்சுற்று ஏற்பட்டாலோ தன்னை அணைத்துக்கொள்ளும் பாதுகாப்புகள் இருக்கின்றனவா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். உலகில் இடியும் மின்னலும் மிகுந்த நாடுகளில் ஒன்றில் வாழ்கிறோம். மாலையில் வானம் இருண்டால் பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள். அதைவிட மலிவான பாதுகாப்பு எதுவும் இல்லை.

வெப்பமும் நம் ஊர்ப் பிரச்சினைதான். வெளிநாட்டுச் சோதனைகள் பலவும் 20, 22 டிகிரி அறையில் நடப்பவை. மின்விசிறி மட்டும் உள்ள பினாங்கு அறையில் பிற்பகல் 32 டிகிரி. குளிரூட்டி, சில்லை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறைக்கும் சில்லுக்கும் உள்ள வேறுபாட்டை நம்பித்தான் அது வேலை செய்கிறது. அறை பத்து டிகிரி கூடினால் சில்லும் ஏறத்தாழ அத்தனை கூடும். ஆகவே முன்பக்கம் கண்ணாடியால் மூடி, உள்ளே வண்ண விளக்கு எரியும் கேசிங் நமக்கு வேண்டாம். முன்பக்கம் வலைபோல் துளையிட்டிருக்கும் மலிவான கேசிங்கே மேல். விளக்குக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு விசிறி வாங்கலாம்.

பிராசசரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. சொல்லப்போனால் அது நம் வீட்டுச் சரக்கு. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972இல் திறந்தது பினாங்கில்தான், ஏ.எம்.டி.யும் அதே ஆண்டு இங்கே வந்தது. உங்கள் அம்மாவோ சித்தியோ பாயான் லெப்பாஸ் ஆலைகளில் வேலை செய்திருந்தால் அவர்களைக் கேளுங்கள்: வேறிடத்தில் தயாரான சில்லுகளை அடித்தளத்தில் பொருத்துவது, சோதிப்பது, தரம் பிரிப்பது எல்லாம் இந்த வேலைகள். தரம் பிரிப்பதில்தான் நமக்கு லாபம். இன்டெல் கோர் ஐ3-12100எப் போன்ற பெயர்களின் கடைசியில் வரும் 'எப்', உள்ளிருக்கும் கிராபிக்ஸ் பகுதி இயங்காது என்பதன் அடையாளம். தனியாகக் கார்டு போடுபவருக்கு அதனால் நட்டமில்லை, விலையும் குறைவு. ஆனால் கார்டைப் பிறகு வாங்கலாம் என்று நினைப்பவர் 'எப்' வாங்கினால், திரையில் ஒன்றுமே தெரியாது. அவருக்கு உரியது 'எப்' இல்லாத பிராசசர் அல்லது முன்பு சொன்ன 5600ஜி.

ரேமை 16 ஜிபி ஒன்றாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். டி.டி.ஆர்.4-3200 வகையில் ஒரு தடத்துக்கு வினாடிக்கு 25.6 ஜிபி என்றால் இரண்டு தடத்துக்கு 51.2. கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் இந்த வேறுபாடு ஆட்டத்திலேயே தெரியும். ரேம் விலை 2025 இறுதியில் தாவி ஏறியதால் பழையதை வாங்கத் தோன்றலாம். ரேமில் அது பெரிய ஆபத்தில்லை. பவர் சப்ளையை மட்டும் பழையதாக வாங்காதீர்கள்.

பழைய கிராபிக்ஸ் கார்டு? வாங்கலாம் என்பதே என் கட்சி. எத்தீரியம் நாணயச் சுரங்கம் 2022 செப்டம்பர் 15ஆம் தேதியோடு கார்டுகளைக் கைவிட்டது. அப்போது சந்தைக்கு வந்தவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. விற்பவர் வீட்டிலேயே இருபது நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் பொருத்தி முடித்தபின் மானிட்டர் கம்பியை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். விண்டோஸ் அமைப்பில் போய்த் திரையின் வேகம் 60இல் நிற்கிறதா என்றும் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குக் காசு கொடுத்துவிட்டு, மாதக்கணக்கில் 60இலேயே ஆடிக்கொண்டிருந்த ஒரு மாணவரை எனக்குத் தெரியும்.