குணசாலி என்பவள் யார்?

கிறிஸ்தவப் பெண்ணைப் பாராட்ட எழும் நாவில் முதலில் வந்து நிற்கும் சொல் ‘பொறுமை’ என்பதாகும். அதனை அடுத்து வருவது ‘அடக்கம்’. மூன்றாவது ‘தியாகம்’. மாதர் ஞாயிற்றிலும் திருமண மேடையிலும் அடக்க ஆராதனையிலும் இம்மூன்று சொற்களே மாறிமாறி ஒலிக்கின்றன. பாராட்டைக் கேட்ட பெண் வீடு திரும்புகிறாள். கழுவாத பாத்திரங்களும், பிள்ளைகள் எழுதி முடிக்காத வீட்டுப்பாடமும், மறுநாள் விடியற்காலைப் பணியைப் பற்றிய கவலையும் அங்கே அவளுக்காகக் காத்திருக்கின்றன. பாராட்டியவர்களுள் எவரும் அவற்றுள் ஒன்றையேனும் தம் கையில் வாங்கிக்கொள்ள முன்வருவதில்லை. இஃது ஊக்கமா? அன்றி, இன்னும் சற்றுச் சுமந்திரு என்று இனிய குரலில் இடப்படும் கட்டளையா?

பொறுமை இழிந்தது என்று எவரும் கூறார். வள்ளுவர் பொறையுடைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார்; ஆயின் அவ்வதிகாரத்தைப் பெண்ணுக்கு மட்டும் என்று அவர் ஒதுக்கிவைக்கவில்லை. வேதாகமமும் நீடிய பொறுமையை ஆவியின் கனிகளுள் ஒன்றாக எண்ணுகிறது. ஆணுக்கு ஒரு கனி, பெண்ணுக்கு வேறொரு கனி என்று அது பங்கிடவில்லை. எல்லார்க்கும் பொதுவான அறத்தை ஒரு பாலாரின் தலையில் மட்டும் ஏற்றிவைத்துவிட்டு, அதற்கு விசுவாசம் என்று பெயரிடுவது அறமாகாது. அன்றாட வாழ்வில் தன் விசுவாசத்தை வாழ்ந்து காட்டும் பெண்ணுக்கு வேதாகமம் தரும் பெயர் ‘பொறுத்துப் போகிறவள்’ என்பதன்று. ‘ஆற்றல் உடையவள்’ என்பதே ஆகும்.

ஒரு சொல்லின் கதை

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில், நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரம் ‘குணசாலியான ஸ்திரீ’யைப் பாடுகிறது. எபிரேய மூலத்தில் அவ்விடத்தில் நிற்கும் சொல் ‘ஹயில்’ என்பதாகும். ஆற்றல், வீரம், செல்வம், படை ஆகிய பொருள்களில் பழைய ஏற்பாடு நெடுக அச்சொல் ஆளப்படுகிறது. கிதியோனைத் தேவதூதன் விளிக்கும் இடத்திலும் இதே சொல்தான் வருகிறது. அங்கே தமிழ் மொழிபெயர்ப்பு ‘பராக்கிரமசாலி’ என்கிறது. ஆணைக் குறித்தபோது பராக்கிரமம். பெண்ணைக் குறித்தபோது குணம்! பண்டைக் கிரேக்க மொழிபெயர்ப்போ, துணிவு எனப் பொருள்படும் சொல்லையே அப்பெண்ணுக்கு அடைமொழியாக இட்டது. இலத்தீன் மொழிபெயர்ப்பும் அவளை ‘வலிமையுள்ள பெண்’ என்றே கூறிற்று.

மொழிபெயர்த்த பெரியோர்மீது பழி சுமத்துவது இங்கு நோக்கமன்று. தமிழில் குணம் என்பது எளிய சொல்லன்று. அதனைக் குன்றாக உருவகித்தவர் வள்ளுவர். குணம் என்றால் வாய் திறவாமை என்று பொருள் கொண்ட செவிகளிலேயே குறை உள்ளது.

அப்பாடலைத் திறந்து படிப்போர்க்கு உண்மை விளங்கும். எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளும் முறையே தொடங்க, 22 அடிகளாக அமைந்த பாடல் அது. ஆத்திசூடியை அறிந்த தமிழ் மாணவர்க்கு இவ்வமைப்பின் அருமையைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. அந்த அதிகாரத்தின் தலைப்பில், லேமுவேல் என்னும் அரசனுக்கு அவன் தாய் புகட்டிய உபதேசம் என்ற குறிப்பும் காணப்படுகிறது. அரசனுக்கு ஆசிரியை ஒரு பெண்! அவள் மகனுக்கு எதைக் கற்பிக்கிறாள்? வாயில்லாதவருக்காக வாய் திறக்கவும், ஏழைக்கு நியாயம் வழங்கவும் கற்பிக்கிறாள். அதே அதிகாரத்தில் பாடப்படும் குணசாலியோ நிலத்தைப் பார்த்து வாங்குகிறாள், தன் கைப்பொருளால் திராட்சத் தோட்டம் நாட்டுகிறாள், நெய்து விற்கிறாள், எளியவருக்குக் கை நீட்டுகிறாள், ஞானத்தோடு பேசுகிறாள். பேசாதிருந்தாள் என்ற குறிப்பு அப்பாடலில் எங்குமே இல்லை.

இதனையும் சிலர் திரித்துவிட்டனர். பாடலைத் தேர்வுத்தாளாக்கி, பெண்ணைத் தேர்வு எழுதுபவளாக்கி, விடியுமுன் எழுந்தாளா, விளக்கு அணையாமல் உழைத்தாளா என்று மதிப்பெண் போடத் தொடங்கிவிட்டனர். பாடல் எவ்வாறு முடிகிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. அவள் கைகளின் பலனை அவளுக்கே கொடுக்க வேண்டும், ஊர் வாசலில் அவள் செயல்கள் போற்றப்பட வேண்டும் என்பதே அதன் முடிவு. அஃது அவளுக்கு இட்ட கட்டளையன்று. அவளைச் சுற்றி இருப்போர்க்கு இட்ட கட்டளையாகும். அக்கட்டளையை நிறைவேற்றாதவர்க்கு அவளுக்கு மதிப்பெண் இடும் உரிமை ஏது?

கதிர் பொறுக்கியவளும் பால் வெட்டியவளும்

குணசாலி என்ற பட்டம் வளமான வீட்டுத் தலைவிக்கே உரியது என்று எண்ணுவோர் ரூத்தின் வரலாற்றைப் படித்தல் நன்று. போவாஸ் அவளிடம் அவள் குணசாலி என்பதை ஊரே அறியும் என்று கூறுகிறான். மூலத்தில் அங்கும் அதே ‘ஹயில்’தான். அந்நேரத்தில் ரூத்துக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை, நிலமும் இல்லை. மோவாபிலிருந்து பிழைக்க வந்த அயல்நாட்டுக் கைம்பெண் அவள். அறுவடைக்காரர் விட்டுச்சென்ற கதிர்களைப் பொறுக்கி மாமியாருக்குச் சோறு போட்டவள். அவளுடைய விசுவாசம் வெளிப்பட்ட இடம் ஆலயப் பீடமன்று. வெயில் காயும் வயல்வெளி.

கடல் கடந்து பிழைக்க வந்த பெண் எத்தகையவள் என்பதை மலேசியத் தமிழருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. குளிர்ந்த வேளையில்தான் ரப்பர்ப் பால் நன்கு ஒழுகும் என்பதால், இருள் விலகுமுன் பெரட்டுக்களத்தில் நின்று, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, மரம் மரமாகப் பால் வெட்டிய பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் விளங்குகின்றனர். அப்பாட்டிமாருள் இயேசுவின் நாமத்தைச் சொல்லி நிரையில் இறங்கியவர்களும் உண்டு. 1920-களின் பிற்பகுதியில் மலாயாத் தோட்டப் பகுதிகள் சிலவற்றில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கைகளின் பலனில் ஐந்தில் ஒரு பங்கைப் பெண் என்பதற்காகவே குறைத்த கணக்கு அது. கூலிக் கணக்கு பின்னாளில் மாறிற்று. குடும்பங்களிலும் சபைகளிலும் பெண்ணின் உழைப்பைக் குறைத்து எழுதும் கணக்கு முற்றும் மாறிவிட்டதா?

மார்த்தாளுக்கு இழைத்த அநீதி

பிரசங்கங்களில் மிகுதியும் கடிந்துகொள்ளப்படும் பெண் மார்த்தாள். அவள் அடுப்படியில் அலைந்தாள். மரியாளோ ஆண்டவரின் பாதத்தருகே அமர்ந்தாள். ஆகவே மார்த்தாளைப் போல் இராதீர் என்று மேடையில் முழங்குகின்றனர். முழங்கி முடிந்ததும், சபைக் கூடத்தில் தேநீரும் பலகாரமும் ஆயத்தமாக இருக்கின்றன. அவற்றை ஆக்கி வைத்தவர்கள் யார்? பிரசங்கத்தின் பாதியைக் கேட்க இயலாமல் எழுந்து சென்ற மார்த்தாள்கள் அல்லரோ?

லூக்கா எழுதியதை மட்டும் படித்துவிட்டு யோவான் எழுதியதைப் படியாமல் விடுவது முறையன்று. சகோதரனை அடக்கம் செய்த துயரத்தின் நடுவே இயேசுவை எதிர்கொண்டு சென்று, அவரே கிறிஸ்து, தேவகுமாரன் என்று அறிக்கையிட்டவள் இதே மார்த்தாள்தான். பேதுரு செய்த அறிக்கைக்கு இணையாக வைத்து எண்ணத்தக்கது அது. அடுப்படியில் நின்ற பெண்ணின் உள்ளத்தில் இத்துணை ஆழ்ந்த ஞானம் விளைந்திருந்தது. அவளைக் கடிவதை விடுத்து, மரியாளோடு அவளும் அமர்ந்து கேட்கும்படி பாத்திரங்களை வேறு கைகள் கழுவட்டும். ஆடவர் கைகளுக்கும் அது தீட்டாகாது.

பெயரும் பெயரின்மையும்

தமிழ்க் கிறிஸ்தவ வரலாறு பெண்களின் துணிவால் எழுந்தது. பாளையங்கோட்டையில் வாழ்ந்த குளோரிந்தாள் ஒரு மராத்தியப் பிராமணக் கைம்பெண். ஆங்கிலேயப் படையதிகாரி ஒருவரோடு மணமின்றி வாழ்ந்தமையால் அவருக்கு ஞானஸ்நானம் முதலில் மறுக்கப்பட்டது. அவர் மனந்தளரவில்லை. 1778-ஆம் ஆண்டில் ஷ்வார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் அளித்தார். 1780-ஆம் ஆண்டின் சபைப் பட்டியலில் உள்ள 40 பேருள் முதற்பெயர் அவருடையது. 1785-இல் அவர் எழுப்பிய ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. மறுக்கப்பட்டவளே சபைக்கு முதல்வியானாள்.

கிறிஸ்தவராகிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை பெண் கல்விக்காக வாதாடி நூல் எழுதியவர். 1879-இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில், ஞானாம்பாளை ஆணுடையில் அரசு கட்டிலேற்றி நீதி வழங்கச் செய்தார். தமிழின் முதல் நாவலிலேயே பெண்ணின் அறிவு ஆட்சி செய்தது. அதற்காக அவள் ஆண்வேடம் பூண வேண்டியிருந்தது என்பதையும் மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் தகும்.

அந்நாவல் வெளிவந்து எட்டாண்டுகள் கழித்து, சிங்கப்பூரிலும் ஒரு விதை ஊன்றப்பட்டது. 1887-ஆம் ஆண்டில் ஷார்ட் ஸ்திரீட்டில் இருந்த ஒரு கடைவீட்டில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சோபியா பிளாக்மோர் அம்மையார் ஒன்பது இந்தியச் சிறுமியருடன் தமிழ்ப் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தோற்றம் அதுவே. அம்மையாரின் பெயர் வரலாற்றில் நிலைபெற்றது, நிலைபெறத் தக்கதே. ஆயின் அந்த ஒன்பது சிறுமியரின் பெயர்களைச் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலத்தில் அவர்களைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மாரின் பெயர்கள் எந்த ஏட்டில் உள்ளன? பெயரின்றி உழைத்தல் தாழ்மை எனலாம். பிறர் பெயரை எழுதாமல் விடுதல் தாழ்மையாகாது. மறதியும் நன்றியின்மையும் ஆகும்.

சிலுவை வேறு, கைமுட்டி வேறு

ஊக்கம் என்ற பெயரில் இழைக்கப்படும் தீங்குகளுள் கொடியது ஒன்று உண்டு. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனைப் பற்றிக் கண்ணீரோடு சொல்ல வரும் பெண்ணிடம், “அது உன் சிலுவை, சுமந்துகொள், அடங்கிப் போ” என்று கூறித் திருப்பியனுப்புவதே அது. கள்ளும் சம்சுவும் எத்தனைத் தமிழ்க் குடும்பங்களைக் குலைத்தன என்பதை அறிந்த சமுதாயம் இவ்வாறு பேசலாமா?

கீழ்ப்படிதலைப் பற்றிய பவுலின் வாக்கைச் சான்று காட்டுவோர், எபேசியருக்கு எழுதிய நிருபத்தை ஓர் அடி முன்னதாகவே படிக்கத் தொடங்கட்டும். ஒருவருக்கொருவர் கீழ்ப்படிய வேண்டும் என்பதே அங்கு முதலில் நிற்கிறது. மிகப் பழைய கிரேக்கப் படிகள் சிலவற்றில், மனைவியரைப் பற்றிய தொடருக்குத் தனி வினைச்சொல்லே இல்லை. முந்தைய தொடரின் வினையைக் கொண்டே அது பொருள் முடிவு பெறுகிறது. வினைமுடிபு அறிந்த தமிழாசிரியர்க்கு இதன் நுட்பம் எளிதில் புலனாகும். அடுத்து, கணவன் கிறிஸ்துவைப் போலத் தன்னையே ஒப்புக்கொடுத்து அன்புகூர வேண்டும் என்று அந்நிருபம் கூறுகிறது. ஒப்புக்கொடுக்கும் கை ஓங்குவது எங்ஙனம்?

சிலுவை என்பது பிறர் மீட்புக்காகத் தானே விரும்பி ஏற்ற பாடு. ஒருவன் வெறியால் மற்றொருத்தியின்மேல் இறக்கும் அடி சிலுவையன்று, குற்றம். மலேசியாவில் 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமும், சிங்கப்பூரில் 1961-இல் பிறந்து 1996-இல் திருத்தம் பெற்ற மாதர் சாசனமும் அவளுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. அரசின் சட்டம் திறந்துவைத்த கதவைச் சபையின் ஆலோசனை மூடுமானால், இரக்கம் எந்தப் பக்கம் நிற்கிறது?

மெய்யான ஊக்கம்

அன்றாட விசுவாசம் சிறு செயல்களில் வாழ்கிறது. இரவுப் பணியில் எவரும் காணாத வேளையிலும் நோயாளியின் படுக்கையை மாற்றும் தாதியிடம் அது உண்டு. வகுப்பில் பின்தங்கிய பிள்ளையை மணி அடித்த பின்னும் அருகில் அமர்த்தி எழுத்துக் கூட்டச் செய்யும் ஆசிரியையிடம் அது உண்டு. மகனுக்குச் சீதனம் வேண்டா என்று உறவினர் நடுவே துணிந்து சொல்லும் தாயிடம் அது உண்டு. வேற்றுச் சமயத்து அண்டை வீட்டார் நோயுற்றபோது, சமயம் பேசாமல் கஞ்சி கொண்டு செல்பவளிடமும் அது உண்டு. யோப்பாவில் தொற்காள் தைத்துக் கொடுத்த ஆடைகளை அவள் மரித்தபோது கைம்பெண்கள் எடுத்துக் காட்டி அழுதனர். அவள் விசுவாசத்துக்கு அவ்வாடைகளே சாட்சியாயின.

இத்தகையோர்க்கு வேண்டுவது புகழுரையன்று. அவளுடைய சுமையில் ஒரு பங்கைக் கணவனும் மகனும் ஏற்கட்டும். அவள் வேதம் வாசிக்கவும் ஓய்ந்திருக்கவும் வாரத்தில் சில மணி நேரம் அவளுக்கு உரியதாகட்டும். சபையின் முடிவுகள் எடுக்கப்படும் மேசையில் அவளுக்கு இருக்கையும் சொல்லும் கிடைக்கட்டும். துன்பத்தைச் சொல்லி வருபவளை நம்பிக் கேட்கும் செவியும், தங்க இடமும் அமையட்டும். தமிழாசிரியர்களும் மாணவர்களும் தத்தம் ஊர்ச் சபைகளிலும் தோட்டங்களிலும் உழைத்து மறைந்த பெண்களின் பெயர்களை, அறிந்தோர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்கட்டும். அது தமிழ்ப் பணியுமாகும்.

குணசாலி என்பவள் அடங்கிக் கிடப்பவள் அல்லள்; ஆற்றலோடு வாழ்பவள். அவள் கைகளின் பலன் இன்னும் அவள் கைக்கு முழுதாய் வந்து சேரவில்லை. அதனைக் கொண்டு சேர்ப்பது, அவளைப் போற்றிப் பேசும் ஒவ்வொருவரின் கடன் ஆகும்.