பொட்டலமாகும் மனிதர்

நம் உயர்மறைமாவட்டத்தின் பெயரிலேயே இணைந்து நிற்கும் ஊர்கள் இரண்டு: புதுச்சேரி, கடலூர். உலகெங்கும் வணிகவியல் மாணவர்க்குப் பாடமாக வைக்கப்படும் ஒரு விற்பனை உத்தி இவ்விரண்டனுள் பின்னதில் வேரூன்றியது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அமெரிக்கப் பல்கலைக்கழகம் எதிலும் அது பிறக்கவில்லை. மும்பையின் வானளாவிய மாளிகைகளிலும் பிறக்கவில்லை. கடலூரில், ஒரு சிறு முதலாளியின் சிந்தையில் பிறந்தது. பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டே அது.

கடலூர் சின்னி கிருஷ்ணன், செல்வர் நுகரும் பொருளைக் கூலியாளும் ரிக்‌ஷாக்காரரும் நுகர வேண்டும் என்று எண்ணியவர். தகர டப்பாவில் மட்டுமே விற்ற முகப்பவுடரைச் சிறு பொதிகளாக்கினார். நூறு கிராமாக விற்ற பேதியுப்பை ஐந்து கிராம் பொட்டலமாக்கினார். நீர்ப்பொருளையும் இவ்வாறே அடைக்கலாம் என்று கருதினார். அவருடைய மக்கள் அக்கருத்தைத் தொடர்ந்தனர். வெல்வெட் ஷாம்பு பொட்டலமாக வந்தது. மக்களுள் ஒருவரான சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலினின்று விலகி, 1983-இல் 15,000 ரூபாய் முதலோடு தனியே தொழில் தொடங்கினார். தந்தையின் பெயரெழுத்துகளிலிருந்தே ‘சிக்’ என்னும் பெயர் அமைந்தது. அந்நிறுவனமே பின்னாளில் கெவின்கேர் ஆயிற்று.

அவர் கையாண்ட முறைகளும் எண்ணிப் பார்க்கத்தக்கவை. ஊர் ஊராகச் சென்று, சிறுவர் ஒருவரை அழைத்து, கூடியிருந்தோர் முன்னிலையில் தலை அலசிக் காட்டினர். முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னர். காலிப் பொட்டலம் ஐந்தைத் தந்தால் புதியது ஒன்று இலவசம் என்றனர். முதலில் எந்த நிறுவனத்தின் பொட்டலமாயினும் ஏற்றனர், பின்னர்த் தம்முடையதை மட்டும் ஏற்றனர். 1999-இல் ஐம்பது காசுக்கு ஒரு பொட்டலம் என்று விலை வைத்தனர். பன்னாட்டு நிறுவனங்களும் இவ்வழியைப் பின்பற்ற வேண்டியதாயிற்று. சென்னை லயோலா கல்லூரியில் பயின்ற பேராசிரியர் சி.கே. பிரகலாத், வறியோரின் சந்தையைப் பற்றி 2004-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், சிறு பொட்டல விற்பனையைச் சிறந்த எடுத்துக்காட்டாக வைத்தார்.

இம்முயற்சியை இகழ்வது எம் நோக்கமன்று. ஏழை என்பதால் ஒருவர் தூய்மையும் நறுமணமும் நாடக் கூடாதா? முழுப் புட்டிக்குரிய பணத்தை ஒருசேர எடுக்க இயலாதவர்க்கு, அன்றைய கூலியில் அன்றைய தேவையை வாங்கும் உரிமை கிடைத்தது. அதை மறுப்பவர் பசியறியாதவர்.

ஆயினும், பாராட்டு வேறு, மயக்கம் வேறு. பிரகலாத் பணியாற்றிய அதே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த அனில் கர்னானி, 2007-இல் இக்கருத்துக்கு மறுப்பெழுதினார். வறியவரை நுகர்வோராகக் கண்டால் வறுமை தீராது. உற்பத்தியாளராகக் கண்டு அவர் வருவாயைப் பெருக்கினாலே தீரும் என்பது அவர் வாதத்தின் சாரம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஷாம்பு வாங்க முடிந்தமையால் எக்குடும்பமும் வறுமையினின்று மீண்டதில்லை. அதன் காலி உறையோ, பல படலங்கள் ஒட்டிய நெகிழி. மறுபடி உருக்கிப் பயன்படுத்த எளிதில் இயலாதது. 2022 ஜூலை முதல் நாளன்று நடுவண் அரசு விதித்த ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழித் தடையில் நெகிழிக் குச்சியும் கரண்டியும் தட்டும் அடங்கின. ஷாம்பு உறை அடங்கவில்லை. வாங்கியவர் ஐம்பது காசும் ஒரு ரூபாயும் தந்தார். எஞ்சிய விலையை நம் வாய்க்கால்களும் கடலும் தந்துகொண்டிருக்கின்றன.

இதனினும் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு. பொட்டலத்தில் அடைபட்டது ஷாம்பு மட்டுந்தானா? 1975-இல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ முகப்பூச்சும், 1998-இல் கெவின்கேர் இறக்கிய ‘ஃபேரெவர்’ முகப்பூச்சும் சிறு பொட்டலங்களாகவே சிற்றூர் வரை சென்றன. அழுக்குத் தலைக்கு ஷாம்பு தேவை. கறுத்த முகத்திற்கு என்ன தேவை? ஒன்றுமில்லை. இல்லாத குறையொன்றைப் பெண்ணின் மனத்தில் முதலில் விற்று, பிறகு அதற்கு மருந்தை விற்கும் வாணிகம் அது. 2020-இல் எழுந்த எதிர்ப்புக்குப் பின் ‘ஃபேர்’ என்னும் சொல் மாற்றப்பட்டது. சொல்லை மாற்றியவர்கள், நாற்பத்தைந்து ஆண்டுகள் விதைத்த தாழ்வெண்ணத்தைத் திரும்பப் பெற்றார்களா?

கைப்பேசி என்னும் புதிய பெட்டிக்கடை

அன்று பெட்டிக்கடையில் தொங்கிய சரம் இன்று நம் கைப்பேசியில் தொங்குகிறது. அரை நிமிடக் காட்சி ஒரு பொட்டலம்; விரலால் தள்ளினால் அடுத்தது. சரத்திற்கு ஒரு முடிவு இருந்தது; இதற்கு முடிவில்லை. முடிவில்லாமல் உருளும் இப்பக்க அமைப்பை 2006-இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின் என்பவரே பின்னாளில் அதற்காக வருந்திப் பேசியிருக்கிறார். நிறுத்துவதற்கு ஓரிடமும் இன்றிச் செய்யப்பட்ட ஒன்றை, ‘நிறுத்திக்கொள்வது உன் பொறுப்பு’ என்று சொல்லிக் கொடுப்பது என்ன நேர்மை?

‘இலவசமாகத்தானே தருகிறார்கள்?’ என்பாரும் உளர். இலவசம் என்பது பொய். முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகியவற்றின் உரிமையாளரான மெட்டா நிறுவனம் 2024-இல் ஈட்டிய வருவாய் ஏறத்தாழ 16,450 கோடி டாலர். அதில் 16,000 கோடிக்கு மேற்பட்டது விளம்பரத்தால் வந்தது. விளம்பரம் தருபவரே அங்கே வாடிக்கையாளர். அவ்வாறாயின் நாம் யார்? நாம் அங்கே விற்கப்படும் சரக்கு.

கடலூர்ப் பொட்டலத்திற்கும் கைப்பேசிப் பொட்டலத்திற்கும் உள்ள வேற்றுமை இதுவே. அங்கே பொருள் துண்டாக்கப்பட்டது. மனிதர் முழுமையாக நின்றார். வாங்கியவரின் ஊரும் அச்சமும் ஆசையும் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் அவற்றை அவர் யாருக்கும் விற்கவில்லை. இங்கே துண்டாக்கப்படுவது மனிதர். அவருடைய வயது ஒரு துண்டு. நள்ளிரவில் எதைத் தேடினார் என்பது ஒரு துண்டு. எந்தப் படத்தின் மேல் இரண்டு நொடி கூடுதலாகக் கண்பதித்தார் என்பது ஒரு துண்டு. இத்துண்டுகளை அளந்து, அடுக்கி, கணப்பொழுதில் ஏலமிட்டு, விளம்பரதாரருக்கு வழங்கும் தொழிலுக்கே இன்று ‘புதுமை’ என்று பெயர்.

விருப்பம் என்னும் வாதம்

‘யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே, விருப்பமில்லாதவர் விலகலாமே’ என்பது வணிகர் எப்போதும் கூறும் விடை. விருப்பம் என்பது அறிவோடும் தன்னுரிமையோடும் பிறப்பது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள், இணைய வணிகத்தில் கையாளப்படும் வஞ்சக உத்திகள் பதின்மூன்றைப் பெயர் சொல்லித் தடுத்தன. ‘இன்னும் இரண்டே மீதம்’ என்று பொய்யாக அவசரப்படுத்துதல் ஒன்று. கேளாமலே கூடையில் பொருளைச் சேர்த்துவிடுதல் ஒன்று. வேண்டாம் என்பவரை வெட்கப்படுத்தும் சொல்லமைப்பு ஒன்று. எளிதில் சேரவும் எளிதில் விலக முடியாமலும் அமைத்த சந்தாப் பொறி ஒன்று. அனைவரும் விருப்பத்தோடுதான் வாங்கினர் எனில், இத்தனை பொறிகள் வைக்கப்பட்டதேன்? தானே வந்து விழும் மீனுக்கு வலை விரிப்பவர் உண்டோ?

இப்பொறிகளுள் கொடியது கடன் பொட்டலம். சில நொடிகளில் சில ஆயிரம் தருவதாகச் சமூக ஊடகத்தில் விளம்பரம் வருகிறது. அவசரத்தில் இருப்பவர் செயலியை இறக்குகிறார். அனுமதி கேட்கும் பொத்தான்களை அழுத்துகிறார். தவணை தவறியதும், அவர் கைப்பேசியில் இருந்த உறவினர், நண்பர் எண்களுக்கெல்லாம் இழிசொல் போகிறது. திரித்த படங்கள் போகின்றன. இத்தகைய கொடுமை தாங்காமல் உயிர் நீத்தோர் நம் நாட்டில் உண்டு. இந்திய ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளில், கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படக்கோப்புகளையும் அழைப்புப் பதிவுகளையும் தொடலாகாது என்று தடுத்தது. ஆயினும் வங்கியின் மேற்பார்வைக்கே வராத செயலிகளுக்கு அவ்விதி எம்மாத்திரம்? முன்னாளைய கந்துவட்டிக்காரர் வாசலில் நின்று கத்தினார்; தெரு கேட்டது. இன்றையவர் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறார், உலகமே கேட்கிறது.

நம் ஊர் வணிகரும் நம் தெருக்களும்

இவ்வலையில் சிக்கியவர் நுகர்வோர் மட்டும் அல்லர், சிறு வணிகருந்தாம். நேரு வீதியிலும் குபேர் அங்காடியிலும் கடை வைத்தவர்க்கு வாக்கும் நாணயமுமே விளம்பரமாயிருந்தன. ‘சமூக ஊடகத்துக்கு வாருங்கள், செலவில்லாமல் உலகை அடையலாம்’ என்று அவரும் அழைக்கப்பட்டார். வந்தார், படங்கள் இட்டார், பின்தொடர்வோரைத் திரட்டினார். பின்னர், திரட்டிய அம்மக்களுக்கே தம் செய்தி சென்று சேரவேண்டுமாயின் கட்டணம் செலுத்த வேண்டும் என்னும் நிலை வந்தது. தம் வாடிக்கையாளரைத் தாமே வாடகைக்கு எடுக்கும் விந்தை வேறெந்த வணிகத்தில் உண்டு?

நம் நகரமும் ஒரு பொட்டலமாயிற்று. பிரெஞ்சுக்கார வீதிகளின் மஞ்சள் சுவர்கள் இன்று படப்பிடிப்புத் திரைகள். புதுச்சேரி என்றால் அச்சுவரும் அதன்மேல் படர்ந்த காகிதப்பூவுமே என்று அயலார் அறிகின்றனர். கடற்கரைச் சாலைக்குச் சற்றே வடக்கில் வைத்திக்குப்பம் இருக்கிறது. அங்கே வலை உலர்கிறது. ஒரு காலத்தில் பல்லாயிரவர்க்குச் சோறு போட்ட பஞ்சாலைகள் ஓய்ந்து கிடக்கின்றன. இவை காட்சிக்கு அழகாக இல்லை. ஆகவே இவை விற்பனைக்குரிய புதுச்சேரியில் இல்லை. சுற்றுலா வேண்டாம் என்பதன்று எம் கூற்று. அதனால் பிழைக்கும் குடும்பங்கள் பல. ஆனால் தன் மக்களை மறைத்துத் தன் சுவர்களை விற்கும் ஊர், தன்னையே மறக்கும் காலம் தொலைவில் இல்லை.

செய்யத்தக்கது யாது?

கைப்பேசியைக் கடலில் எறிந்துவிடலாம் என்போர் சிலர். அது துறவிக்கு ஆகும். பிள்ளையின் பள்ளிச் செய்தியும் வளைகுடாவிலும் பிரான்சிலும் வாழும் மகனின் முகமும் அதில் வருகையில் இல்லறத்தாருக்கு ஆகாது. விளம்பரமே பாவம் என்று திருச்சபையும் சொன்னதில்லை. சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை 1997-இல் விளம்பர ஒழுக்கம் பற்றி வெளியிட்ட ஏடு, விளம்பரத்தால் வரும் நன்மைகளை ஏற்றுக்கொண்டே மூன்று அளவுகோல்களை வைத்தது: உண்மை, மனித மாண்பு, சமுதாயப் பொறுப்பு. முகநூலும் இன்ஸ்டாகிராமும் தோன்றாத காலத்தில் எழுதப்பட்டதாயினும், இன்றைய கைப்பேசித் திரையை அவ்வளவுகோல்களால் அளந்து பாருங்கள். எத்தனை விளம்பரங்கள் தேறும்?

எனவே, கேட்க வேண்டியவற்றைத் தயங்காமல் கேட்போம். 2023-இல் நிறைவேறிய தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவரின் நடத்தையைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முதன்மையான கடமைகளை நிறுவனங்கள் நிறைவேற்றப் பதினெட்டு மாதம் அவகாசம் தரப்பட்டது. குழந்தையை வணிகரிடமிருந்து காப்பதற்கு இத்தனை அவகாசம் எதற்கு? சட்டம் ஏட்டில் உறங்காதபடி விழித்திருப்பது பெற்றோரின் கடமை, பள்ளிகளின் கடமை, பங்குதோறும் இயங்கும் அன்பியங்களின் கடமையுங்கூட. கடன் செயலியிடம் செல்லுமுன் அண்டை வீட்டாரிடமோ மகளிர் குழுவிடமோ வெட்கமின்றிக் கேட்கும் துணிவை ஒருவருக்கொருவர் தருவோம். நம் தெருக்கடைக்காரரிடம், அவர் கட்டணம் செலுத்தி நம்மைத் தேடாதபடி, நாமே நடந்து சென்று வாங்குவோம்.

கடலூர்க்காரர் ஏழைக்கு ஏற்றவாறு பொருளைச் சிறியதாக்கினார். இன்றைய வாணிகமோ பொருளுக்கு ஏற்றவாறு மனிதரைச் சிறியதாக்குகிறது. முன்னதைப் புதுமை என்று போற்றிய நாவால் பின்னதையும் போற்றுவது நன்றன்று. விலை குறைந்த பொருளை வாங்கலாம். விலை குறைந்த மனிதராக நாம் ஆகலாகாது.