கற்பூரம் மோந்தா மாரடைப்பு நிக்காது

"குடுத்து வச்சவர், சிவன் காலடியிலேயே போய்ச் சேர்ந்துட்டார்."

பர்வதமலையில பக்தர் மூச்சுத்திணறி இறந்தார்னு செய்தி வந்தா கீழ பாதி கமெண்ட் இதுதான். திருவண்ணாமலைப் பக்கம் அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிறவன் சொல்றேன், இதைத் தயவுசெஞ்சு நிறுத்துங்க. 45 வயசுல போறவருக்கு ஸ்கூல் போற பிள்ளை இருக்கும், கட்டி முடிக்காத கடன் இருக்கும். அந்த வீட்ல போய் "குடுத்து வச்சவர்"னு சொல்லிப் பாருங்க.

கொஞ்சம் நீளமான திரெட். மலை ஏறப் போறவங்க முழுசா படிங்க.

நம்ம அண்ணாமலை 2,668 அடி. பர்வதமலை சுமார் 4,560 அடி. முதல்ல படி, அப்புறம் கரடுமுரடா கல்லு, கடைசியில கடப்பாறையை அடிச்சு சங்கிலி கோர்த்திருக்கிற செங்குத்துப் பாறை. கடப்பாறை நெட்டுன்னு பேர். ரீல்ஸ்ல எல்லாரும் காட்டுறது அந்த இடத்தைத்தான், பயப்படுறதும் அதுக்குத்தான். வழுக்கினா ஆபத்துதான். மழை பெய்ஞ்சு ஓடையில திடீர்னு வெள்ளம் வந்தா அதைவிட ஆபத்து. ஆனா சங்கிலி வரைக்கும் போகவே வேண்டாம். அடைப்பு இருக்கிற இதயத்துக்கு முதல் ஆயிரம் படியே போதும்.

"மேல ஆக்ஸிஜன் கம்மி சார், அதான்." இல்லைங்க. உயரத்தால வர்ற மலை நோய் பொதுவா 8,000 அடிக்கு மேலதான் ஆரம்பிக்கும். பர்வதமலை உச்சியில கடல் மட்டத்துல கிடைக்கிற ஆக்ஸிஜன்ல சுமார் 85 சதவீதம் இருக்கு. ஊட்டி 7,000 அடிக்கு மேல. அங்க இருக்கிறவங்க என்ன, கற்பூரம் மோந்துக்கிட்டா குடும்பம் நடத்துறாங்க?

அந்தக் கற்பூரத்துக்கே வர்றேன். அதுல ஆக்ஸிஜன் கிடையாது. மூக்குல சில்லுனு ஒரு உணர்வு வர்றதால மூச்சு நல்லா போற மாதிரி தோணும், அவ்வளவுதான். ஆபத்து என்னன்னா, நெஞ்சு அடைக்கிற ஆளு உட்காராம, மோந்துட்டு இன்னும் நூறு படி ஏறுவார். (குழந்தைங்க கையில கற்பூரம் குடுக்காதீங்க. முழுங்கினா வலிப்பு வரும்.)

உண்மையான காரணம் கீழ ஊர்லயே ஆரம்பிச்சிருது. வருஷம் பூரா நாற்காலியில வேலை. சுகர், பிரஷர், சிகரெட். பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம், தூக்கம் கிடையாது, மறுநாளே பர்வதமலை. விரதம்னு சாப்பாடு இல்ல, ஆனா கிளிமிபிரைடு மாத்திரை மட்டும் வழக்கம் போல உள்ள போயிருக்கும். சுகர் சரசரன்னு இறங்கி மயங்கினா "அருள் வந்துடுச்சு"ன்னு கூட நிக்கிறவங்க கும்பிடுவாங்க! இன்னும் சிலர் "கோயிலுக்குப் போறோம்"னு பிரஷர் மாத்திரையையே நிறுத்திடுறாங்க. எந்த சாமி கேட்டுச்சு அதை?

கீழ மாரடைப்பு வந்தா 108-ல ஏத்தி, ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டுடலாம். முதல் ஒரு மணி நேரம் பொன்னு மாதிரி. மேல வந்தா? ஆம்புலன்ஸ் படி ஏறாது. டோலி கட்டி நாலு பேர் தூக்கி, இருட்டுல இறக்க மணிக்கணக்காகும். இதயம் நின்னுடுச்சுன்னா சிபிஆர் இல்லாத ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு ஏறக்குறைய பத்து சதவீதம் குறையும். கணக்கை நீங்களே போட்டுக்குங்க.

"பக்திக்கு டெஸ்ட்டா?"ன்னு கேக்குறவங்களுக்கு: அமர்நாத்தும் சிவன்தான். அங்க ஹெல்த் சர்டிஃபிகேட் இல்லாம விடமாட்டாங்க, 13 வயசுக்குக் கீழயும் 70-க்கு மேலயும் அனுமதி இல்ல. 2012-ல யாத்திரை மரணங்களை சுப்ரீம் கோர்ட்டே தானா விசாரிச்சது. கைலாஷ் மானசரோவர் போறவங்களுக்கு டெல்லியில முழு மருத்துவப் பரிசோதனை. அதனால அவங்க பக்தி குறைஞ்சா போச்சு?

அரசாங்கத்தையும் விடல. அடிவாரத்துல பிரஷர் மட்டும் பார்த்து அனுப்பினா பத்தாது. படுக்க வச்சு எடுக்கிற ஈசிஜி நார்மலா இருந்தாலும் அடைப்பு ஒளிஞ்சிருக்கலாம். பாதி வழியில ஷாக் குடுக்கிற ஏஇடி மெஷின் ஒண்ணு வைங்க. வழியில மோர், சுக்கு காபி விக்கிறவங்களுக்கும் டோலி தூக்குறவங்களுக்கும் சிபிஆர் சொல்லிக் குடுங்க. டாக்டர் வர்றதுக்கு முன்னாடி அங்க இருக்கப் போறது அவங்கதான்.

நீங்க 40 தாண்டினவரா, சுகர், பிரஷர் இருக்கா? ஏறுறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே டாக்டரைப் பாருங்க. எந்த மாத்திரை, எவ்வளவுன்னு கேட்டுக்குங்க. தினம் நடந்து, மெல்ல மெல்ல படி ஏறிப் பழகுங்க. மூணாவது மாடி ஏறும்போதே நெஞ்சு இறுக்குதுன்னா இந்த வருஷம் மலை வேண்டாம். அடிவாரத்துலேர்ந்து கும்பிடுங்க.

ஏறும்போது நெஞ்சுல பாரம், தாடை வலி, இடது கை வலி, குளிர்ந்த வியர்வை வந்தா அது வாயு இல்ல. சோடா தேடாதீங்க. சுகர் இருக்கிறவங்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாம வெறும் மூச்சுத்திணறலா மட்டும்கூட வரும். அங்கேயே உட்காருங்க. கூட வந்தவங்க "இன்னும் கொஞ்ச தூரம்தான்"னு சொல்வாங்க, கேக்காதீங்க.