மாளிகை எழட்டும், சந்தை சாகலாமா?

அங்காடி மாளிகை கட்டுவோருக்கு இது நல்ல காலம். சென்னையில் 2010-இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ எழுந்தது. 2013-இல் வேளச்சேரியில் பீனிக்ஸ் எழுந்தது. கோவையும் மதுரையும் விலக்கல்ல. நால்வழிச் சாலை பிடித்து நடக்கும் முதல், நாளை வேடசந்தூர் வாசலுக்கும் வரும்.

வரட்டும்! வளர்ச்சியை வேண்டாமென்போர் அல்லர் நாம். ஆனால், அந்த மாளிகையில் யாருக்கு இடம் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

மாளிகையின் கணக்கைப் பாருங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று வாடகை. அதற்குமேல் பராமரிப்புக் கட்டணம். சில இடங்களில் விற்பனையிலேயே பங்கு! கூட்டத்தை இழுத்து வரும் பெரிய கம்பெனிக்கோ வாடகையில் சலுகை. சின்னக் கடைக்காரன் கொடுக்கிறான், பெரியவன் பெறுகிறான். கூடையில் முருங்கைக்காய் கொண்டுவரும் தாய் அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டுவாளா? வியாழன்தோறும் அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஓட்டி வரும் உழவனுக்கு அங்கே எந்த மாடியில் இடம்?

இடம் பறிபோவது புதுக்கதையுமல்ல. சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தது. அங்கே இன்று புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். கட்டடம் கிடைத்தது, பழைய கூட்டம் கிடைத்ததா? கடைக்கு உயிர் சுவரல்ல, நடந்து வரும் மக்கள்!

தோழர்களே, சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் என்ன சொல்கிறது? கணக்கெடுப்பு முடிந்து சான்று தரும்வரை எவரையும் அகற்றக் கூடாது. அதன் பிறகும் அகற்ற 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். விற்பனைக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு 40 பேர் வியாபாரிகளே, அதுவும் தேர்ந்தெடுக்கப்பட்டு வரவேண்டும். 50 ஆண்டுக்கு மேல் தெருவோர வியாபாரம் நடந்துவரும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்கவேண்டும். ஏட்டில் இருக்கிறது, பேரூராட்சி வாசலுக்கு அதைக் கொண்டுவருவது நம் வேலை.

மாளிகைக்குள் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளையும் மறவாதீர். நாளெல்லாம் நின்றே கால் வீங்கிய கடைத் தொழிலாளிக்கு, உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத்தைத் திருத்தியது. உட்காருவதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது என்றால், அந்தப் பளபளப்புக்குப் பின்னால் எத்தனை வலி!

எனவே, வேடசந்தூர் வட்டாரத் தோழர்கள் இப்போதே எழவேண்டும். நூற்பாலைத் தொழிலாளியின் கூலி சந்தையில்தான் சோறாகிறது; ஆகவே சந்தை அவனுடைய பிரச்னை. வியாபாரிகளின் கணக்கெடுப்பு நடந்ததா என்று பேரூராட்சியில் எழுதிக் கேளுங்கள். வணிக வளாகம் எதுவாயினும், திட்டம் தீட்டும்போதே தரைத்தளத்தில் சிறு வியாபாரிக்கு இடமும், கட்டுபடியாகும் வாடகையும் கேளுங்கள். கடைதோறும் இருக்கை உண்டா என்று பாருங்கள்.

அடிக்கல் நட்டபின் அழுது பயனில்லை. வரைபடம் விரிக்கும்போதே வாய் திறப்போம்!