ஹடப்சரின் மளாக்களும் நம் ஆய்வேடுகளும்

மகர்பட்டாவில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் எதிரே உள்ள பூங்காவுக்கு மாலை வேளைகளில் ஒரு பெரியவர் வருவார். எண்பதைக் கடந்தவர், ஹடப்சர் உழவர் குடியினர். என் அரைகுறை மராத்தியைப் பொறுத்துக்கொண்டு, ஒருநாள் எதிரே இருந்த மென்பொருள் நிறுவனக் கட்டடத்தைச் சுட்டி, "அது நிற்கும் இடம் எங்கள் மளா" என்றார். நீர்வளமுள்ள தோட்ட நிலத்துக்கு மராத்தியில் மளா என்று பெயர். எந்த வயலுக்கு எந்த நாளில் தண்ணீர் முறை வரும், வாய்க்காலைக் கவனிக்கும் பாட்கரியோடு யார் யாருக்குச் சண்டை, எந்த மேட்டில் கரும்பு ஏறாது என்று அரைமணி நேரம் விவரித்தார். அன்று என்னிடம் குறிப்பேடு இல்லை. அடுத்த வாரம் எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அடுத்த வாரம் கருத்தரங்கக் கட்டுரை. அதற்கடுத்த வாரம் மழை. தீபாவளிக்குப் பிறகு அவர் காலமான செய்தியைக் காவலாளி சொல்லித்தான் அறிந்தேன்.

இந்தப் பதிவு அந்தக் குற்றவுணர்விலிருந்து எழுதப்படுகிறது. ஆனால் குற்றம் என்னுடையது மட்டுமன்று என்றும் கருதுகிறேன். ஓர் ஆற்றங்கரை ஊரின் வரலாற்றை எங்கே தேடுவது என்பதில் நம் ஆய்வுலகம் தவறான இடத்தைப் பார்க்கப் பழகிவிட்டது.

மகர்பட்டாவுக்கு வடக்கே முண்ட்வாவைத் தாண்டினால் முளா–முட்டா ஆறு. அதன் போக்கிலேயே கிழக்கே சென்றால் தேயூர் வரும். வழிகாட்டி நூல்கள் தேயூரைப் பற்றிச் சொல்பவை இரண்டு: அது அஷ்டவிநாயகத் தலங்களுள் ஒன்று, பேஷ்வா முதலாம் மாதவராவ் 1772இல் அங்கே உயிர்நீத்தார். ஆயினும் அவ்வூரின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று ஓர் எல்லைக் குறிப்பு. ராட்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்து, 768ஆம் ஆண்டைச் சேர்ந்த தளேகாவ் செப்பேடு, புனக விஷயத்தில் கொடையளிக்கப்பட்ட ஊர்களின் எல்லைகளைச் சொல்லும்போது ஆளந்தியையும் தேயூரையும் முளா ஆற்றையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஆயிரத்து இருநூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் அப்பெயர்கள் வழக்கில் உள்ளன. (தேயூரின் ஈற்றில் 'ஊர்' இருப்பதைக் கண்டு துள்ளும் தமிழ் நண்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். செப்பேட்டில் அது 'திஉர'. ஓர் ஈற்றைக் கொண்டு குடிபெயர்வுக் கதை எழுதும் வழக்கம் நமக்கு ஏற்கெனவே போதுமான அளவு உண்டு.)

அரச வம்சங்கள் அனைத்தும் மறைந்த பின்னும் பக்கத்து ஊரின் பெயரும் ஆற்றின் பெயரும் நின்றன. நிலைத்து நிற்பது எது என்பதை அச்செப்பேடு தெளிவாகவே காட்டுகிறது; நாமோ அதில் மன்னன் பெயரைப் படித்துவிட்டு மூடிவைக்கிறோம்.

இதற்கு எதிர்ச்சான்றும் இதே வட்டாரத்தில் உண்டு. 1818 தொடக்கத்தில் பீமா ஆற்றங்கரையில் நடந்த கோரேகாவ் போரை அறியாதவர் இல்லை. அங்கிருந்து சிறு தொலைவில், முளா–முட்டாவுக்கும் பீமாவுக்கும் இடைப்பட்ட நிலத்தில் லோணிகந்த் என்ற ஊர் இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சி வந்த சூட்டோடு, தாமஸ் கோட்ஸ் என்ற மருத்துவர் அவ்வூரின் மண், பயிர், கால்நடை, வீட்டுப் பாத்திரம், உடை, கடன் என்று அத்தனையையும் எழுதிவைத்தார். உழவர்களில் பெரும்பாலோர் கடனில் இருந்ததையும் அவர் மறைக்கவில்லை. பம்பாய் இலக்கியக் கழகத்தின் தொகுதியில் அது 1823இல் வெளியானது. அவருடைய பார்வை ஆள வந்தவரின் பார்வைதான். வரி விதிக்கப் போகும் அரசுக்கு இந்தக் கணக்குகள் தேவைப்பட்டன. ஆனாலும் அவர் எழுதிவைத்ததனால்தான் சமூகவியலாளர் ஜி. எஸ். குர்யே ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து அதே ஊருக்குத் திரும்பிச் செல்லவும், எது மாறியது, எது மாறவில்லை என்று ஒப்பிட்டு 1960இல் ஒரு நூலே வெளியிடவும் முடிந்தது. ஹடப்சரின் மளாக்களுக்கு ஒரு கோட்ஸ் வாய்க்கவில்லை.

அந்த மளாக்களைப் பற்றி நினைக்கும்போது காவிரிப் படுகையிலிருந்து வந்த எனக்கு முதலில் ஒரு குழப்பம் இருந்தது. எங்கள் பக்கம் ஆறு வயலுக்கு மேலே. மடை திறந்தால் நீர் தானே இறங்கும். தக்காணத்தில் ஆறு பாறையை அறுத்துக்கொண்டு வயலுக்குக் கீழே ஓடுகிறது. ஆற்றங்கரையில் இருந்தும் ஹடப்சர் வயல்கள் அந்த ஆற்றை நம்பி மட்டும் செழிக்கவில்லை. 1879இல் முடிக்கப்பட்ட கடக்வாஸ்லா அணையிலிருந்து வரும் முட்டா வலக்கரைக் கால்வாய்தான் அங்கே கரும்பையும் காய்கறியையும் கொழிக்கச் செய்தது. கால்வாய் வந்தால் முறை வரும், முறை வந்தால் அதிகாரம் வரும், வழக்கு வரும். அந்த நிலத்தைத்தான் சுமார் 120 உழவர் குடும்பங்கள் விற்றுவிட்டுப் போகாமல் ஒன்றுசேர்த்து, தாங்களே பங்குதாரர்களாகி, 400 ஏக்கருக்கு மேற்பட்ட நகரமாக்கின. மேலாண்மைக் கல்லூரிகள் இதனைப் பாடமாக வைக்கின்றன, வைக்கத் தகுந்ததே. ஆனால் அப்பாடம் தொடங்குவது நிலம் மனையானதிலிருந்து. அதற்கு முந்தைய நூற்றிருபது ஆண்டுகளின் கால்வாய் வாழ்க்கை அதில் ஒரு முன்னுரை வரிதான். நிலப்பதிவேடான 'ஸாத் பாரா' உடைமையையும் பயிரையும் சொல்லும். நள்ளிரவு முறைக்கு லாந்தர் எடுத்துச் சென்றவர் யார் என்று சொல்லாது.

இதே புனே மாவட்டத்தில் கோட் ஆற்றங்கரையில் இனாம்காவ் இருக்கிறது. 1968 தொடங்கிப் பத்தாண்டுகளுக்கும் மேலாக டெக்கான் கல்லூரி அங்கே அகழாய்வு நடத்தியது. பொ.ஆ.மு. 1600 முதல் 700 வரை வாழ்ந்த ஓர் உழவர் ஊர் அங்கே கிடைத்தது. இரு தாழிகளை வாயோடு வாய் வைத்து வீட்டுத் தரைக்கடியில் புதைக்கப்பட்ட குழந்தைகள். கணுக்காலுக்குக் கீழே பாதம் நீக்கிப் புதைக்கப்பட்ட பெரியவர்கள். ஆற்று நீரைத் திருப்ப ஒரு கால்வாய். ஐந்து அறை கொண்ட ஒரு வீடு, அதையொட்டிக் களஞ்சியம். அந்த வீடு தலைவனுடையதாக இருக்கலாம் என்றும், விளைச்சலையும் நீரையும் பொதுவாக நிர்வகித்த ஓர் அமைப்பு இருந்திருக்கலாம் என்றும் தவளிகர் முதலிய அறிஞர்கள் உய்த்துணர்ந்தார்கள். மதிப்புக்குரிய உழைப்பு அது. என்னை உறுத்துவது வேறு: மூவாயிரம் ஆண்டுக்கு முன் தண்ணீரைப் பங்கிட்டவர் யார் என்று ஊகிக்க ஆண்டுக்கணக்கில் மண்ணைச் சுரண்டுகிறோம், நேற்றுப் பங்கிட்டவர் பூங்கா இருக்கையில் உட்கார்ந்து தானே சொல்லும்போது குறிப்பேடு கொண்டு போவதில்லை.

தமிழ்நாட்டிலும் நிலைமை வேறில்லை. வைகைக் கரையில் கீழடி என்றதும் நாம் கேட்கும் முதல் கேள்வி காலம்; பொருநைக் கரையில் ஆதிச்சநல்லூர் என்றதும் அதே கேள்வி. உத்திரமேரூரில் ஏரி வாரியம் இருந்ததைக் கல்லில் வெட்டியதால் அறிந்தோம், பெருமையும் கொண்டோம். ஆனால் இன்றும் கண்மாய்களில் மடை திறக்கும் நீர்க்கட்டிகளின் நினைவிலுள்ள வழக்காறுகளை ஒரு முனைவர் பட்டத் தலைப்பாக முன்வைத்துப் பாருங்கள். "இதில் கோட்பாடு எங்கே?" என்று கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள், தலைப்பை மாற்றிக்கொண்டேன். கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஒரு முதியவரின் பேச்சை அடிக்குறிப்பில் எப்படிக் காட்டுவது என்பதற்கு நம் துறையில் தெளிவான மரபு இல்லை. மரபு இல்லாததைத் தரம் இல்லாதது என்று எண்ணிக்கொள்வதுதான் பிழை.

வழி காட்டியவர்கள் இங்கேயே இருந்திருக்கிறார்கள். ஹேமா ராய்கரும் கை புவாத்வானும் மகாராஷ்டிரக் கிராமப் பெண்கள் திரிகை சுற்றும்போது பாடிய ஓவிகளை ஒரு லட்சத்துக்கும் மேல் திரட்டினார்கள். திரிகைகள் நின்றுபோவதற்குள் அது நடந்தது என்பதே அப்பணியின் பெரும்பேறு. புனே ஆவணக் காப்பகத்தில் மோடி எழுத்தில் கோடிக்கணக்கான பேஷ்வா காலத் தாள்கள் உள்ளன. கிராமக் கணக்குகள் அவற்றில் ஏராளம். தஞ்சை மராட்டியரின் மோடி ஆவணங்களைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டதை அறிந்த நமக்கு அந்த எழுத்து அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் தாள்கள் காத்திருக்கும். புனே மாநகராட்சியின் 44 கிலோமீட்டர் ஆற்றங்கரை மேம்பாட்டுத் திட்டம் காத்திருக்காது. கரைகளில் வேலை நடந்துகொண்டிருக்கிறது. எண்பது வயதுக்காரர்களும் காத்திருக்க மாட்டார்கள்.

ஜனவரி முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு முண்ட்வாவிலிருந்து ஆற்றோரமாகத் தேயூர் நோக்கி நடக்க எண்ணியுள்ளேன். ஒரே நாளில் முடியாது. மாஞ்சரி வரை போனாலும் போதும். மராத்தி நன்கு பேசுவோர், மோடி படிப்போர், பாசனம் தெரிந்த பொறியியல் மாணவர் எவரேனும் உடன் வந்தால் உதவியாக இருக்கும். உட்பெட்டியில் எழுதுங்கள். குறிப்பேடு நான் கொண்டுவருகிறேன்.